விடுபட்டவர்களைத் தேடுவது எப்படி

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கவில்லை. நேராக அடியில் இருக்கும் சொந்தக்காரர் பெயர்களுக்குப் போனேன்.

உனக்கு நினைவிருக்கிறதா என்று இனிக் கேட்க முடியாது. எங்கள் அபிராமபுரம் வீட்டுத் தரையில் பத்திரிகைகளைப் பரப்பி உட்கார்ந்திருப்போம். என் அம்மா பீரோ மேல் பையில் சேர்த்து வைத்தவை. குடும்ப வரலாறு எழுத நினைப்பவர்களுக்கு ஒரு கையேடு. அதை நாம் இருவரும் எழுதுவதாக இருந்தோம். எங்கே தேடுவது, யாரைக் கேட்பது, எதை நம்புவது. ஞானஸ்நானப் பதிவுகள், வீட்டுப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு எல்லாம் என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகையும் இறந்தவர்களின் நினைவு அட்டையும் உன் அத்தியாயம்.

"யாரு இருக்காங்கன்னு பாக்காதடி. யாரைக் காணோம்னு பாரு. சண்டையெல்லாம் அங்கதான் கீது."

'கீது' என்பதை வேண்டுமென்றே சொல்வாய். என் அம்மா முகம் சுளிக்கவேண்டும் உனக்கு. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் எல்லாப் பத்திரிகையிலும் இருந்தார், என் அக்கா கல்யாணத்தில் மட்டும் இல்லை. "பிரஸ்ல விட்டுட்டாங்க" என்றாள் அம்மா. "எல்லார் வீட்லயும் பிரஸ்காரன்தான் குற்றவாளி ஆன்ட்டி" என்றாய் நீ.

அன்றைக்கு உன் அத்தியாயத்தில் இப்படி எழுதினாய்: அச்சில் விடுபட்டவரைப் பற்றி மகன் கேட்கமாட்டான். பேரனுக்கு அவர் பிறந்திருக்கவே மாட்டார். அத்தியாயம் அந்த வரியோடு நிற்கிறது. அதன்பின் ஆஸ்பத்திரி.

மதியம், உன் முதலாண்டு நினைவு அட்டையின் ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கொடுக்க. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார் உன் அம்மா. உன் படம். ஒரு வேத வசனம். கீழே, 'உன் பிரிவால் வாடும்' என்று போட்டு, அப்பா, அம்மா, பெரியம்மா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள்.

உன் தம்பி இல்லை.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு அவன் கே.கே. நகருக்குப் போன நாளிலிருந்து உன் அப்பா அவன் பெயரைச் சொன்னதில்லை. உன் கடைசி வாரங்களில், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்து வந்து, உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தேன். அட்டையைப் படிக்கப் போகிறவர்கள் பார்க்கவில்லை.

சேர்த்தால், இது என் குடும்பமில்லை. விட்டால், உன் வரி உன் அட்டையிலேயே பலித்துவிடும்.

மயிலாப்பூர் அச்சகத்துக்கு நேரில் போனேன்.

"இன்னா மேடம், ஓகேவா? இன்னிக்கு மெஷின்ல ஓட்டலேன்னா ஞாயித்துக்கெழமைக்கு வராது" என்றார் அச்சகக்காரர்.

"ஒரு பேர் விட்டுப்போயிருக்கு."

"பார்ட்டி குடுத்த மேட்டர் மேடம். நாங்க ஒண்ணும் விடல. கடைசில எங்க தலைல கட்டிடுவாங்கோ."

வாசலில் நின்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, தம்பி பேர் இல்ல."

"டாடி எழுதிக் குடுத்ததும்மா. நீ ஸ்பெல்லிங் மட்டும் பாரேன்."

"பாத்துட்டேன் ஆன்ட்டி. அது சரியா இருக்கு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"இனிஷியல் இல்லாம போட்டுடேன்."

இனிஷியல் என்றால் உன் அப்பாவின் பெயர். அதைத் தொடாமல் மகனை உள்ளே கொண்டுவர உன் அம்மாவுக்குத் தெரிந்த வழி அது. 'தம்பி ஜெரோம்' என்று அடிக்கச் சொன்னேன். அவன் யாருக்கு மகன் என்று அட்டை சொல்லவில்லை. உனக்குத் தம்பி என்கிறது, அவ்வளவுதான்.

அச்சாகிவிட்டது. உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். அல்லது படிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எல்லார் முன்னாலும் உன் அம்மாவைக் கேட்டுவிடுவாரோ. மாலையிலிருந்து இதே யோசனை. விடுபட்டவரைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதினாய். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று எழுதாமல் போய்விட்டாய். தேடும் பழக்கம் உன்னுடையது. அதோடு வந்த பயம் என்னுடையது. இரண்டும் இனி என்னிடம்தான்.

சற்றுமுன் உன் தம்பிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வா என்றேன்.

"வர்றேன். ஆனா எங்க நிக்கறதுக்கா?"

"என் பக்கத்துல."

சொல்லிவிட்டேன்.