கொதிக்க வைத்த பல் செட்டு

786
கள்ளக்குறிச்சி
14-11-1994

அன்பு மகன் நூர் முகமதுக்கு, உன் அம்மா ஆசியா பீவி துஆவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருக்கிறோம், குவைத்தில் நீ நல்ல சுகத்தோடு வேலைக்குப் போய் வருகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. எப்போதும் இந்த இடத்தில் எல்லாரும் சுகம் என்று எழுதிவிடுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. பதறாமல் படி. நைனார்பாளையத்தில் உன் தங்கச்சியும் மாப்பிள்ளையும் நல்லபடி இருக்கிறார்கள், குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது, தூக்குகிறவர்கள் விரலையெல்லாம் கடித்து வைக்கிறான். அவன் பல்லைப் பற்றி எழுத வேண்டிய கடிதத்தில் உன் அத்தா பல்லைப் பற்றி எழுதும்படி ஆகிவிட்டது.

போன வருஷம் லீவில் வந்தபோது நீதான் அத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் மேலும் கீழும் முழுசாகப் பல் செட்டு கட்டிக் கொடுத்தாய். கல்வராயன் மலையிலிருந்து சாமை இறங்கினால் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் அவர் மூட்டையை வாங்குவார், உடைந்தால் காய்ந்த சாமை, நசுங்கினால் ஈரம். பல்லெல்லாம் போன பிறகு கடையில் அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததை நீயே பார்த்தாய். செட்டு வந்ததும் மனுஷன் நிமிர்ந்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவரை, இன்னா, இன்னொரு நிக்காஹ் பண்ணிக்கப் போறீங்களா என்று நான்கூடக் கேலி பண்ணினேன். அந்தப் பல்லைக் கெடுத்தது நான்தான் மகனே. நாலு மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஜூலை மாதம் உன் தங்கச்சி பிரசவம் முடிந்து இங்கே இருந்தபோது நடந்தது. அத்தா காலைத் தொழுகைக்குப் போகும்போது மறந்துபோய்ச் செட்டை டம்ளரிலேயே விட்டுப் போனார். நான் கழுவி வைப்போம் என்று எடுத்தேன், கை நழுவிக் கீழ்ச் செட்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. கோழி கிளறுகிற சாக்கடை. அல்லாஹ்வின் பெயரை ஓதுகிற வாயில் அதைத் திரும்ப எப்படி வைப்பது? மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் மனசு ஒப்பவில்லை. அடுப்பில் குழந்தையின் பால் புட்டி கொதித்துக்கொண்டிருந்தது, புட்டிக்கு ஆகும் என்றால் பல்லுக்கும் ஆகும் என்று நினைத்து உள்ளே போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், இன்னா ஆசியா, கீழ்ச் செட்டு ஆடுதே என்றார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். மருமகன் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வெட்கமும் பயமுமாக, வயசாவுதில்ல, ஈறு சுருங்கியிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார். என்றைக்கு நான் சொல்லி அவர் நம்பாமல் இருந்தார்?

நீ வாங்கிக் கொடுத்தது சேரவில்லை என்று உன்னிடம் சொல்ல அவருக்கு மனசில்லை. அதை மாட்டிக்கொண்டே கடைக்குப் போனார், வலித்தால் அடியில் பஞ்சு வைத்துக்கொண்டார். நீ போனில் கேட்டபோதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நான் பொய் சொன்னேன், அவர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். செட்டு உரசி உரசி ஈறில் புண் வந்துவிட்டது, சர்க்கரை உடம்பு, ஆறவே இல்லை. கஞ்சியும் ஊறவைத்த ரொட்டியும்தான் ஆகாரம், ஆள் பாதியாகிவிட்டார். போன மாதம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இருசப்பன் சாமை கொண்டுவந்து இறக்கிவிட்டு, இன்னா பாய், கடிச்சிப் பாக்கலியா என்று கேட்டிருக்கிறான். பார்க்காமலே வாங்கிப் போட்டார், இரண்டு மூட்டை சூடேறிப் பூசணம் பூத்துவிட்டது. அதைப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாயில பல்லு இல்லாதவன் இன்னா யாவாரம் பண்றது, தையோட கடைய விட்டுடறேன் என்றார். எடை போடுகிற பூமாலை வந்து கெஞ்சியும் ஒரு வாரமாகக் கடை பக்கம் போகவில்லை.

போன திங்கட்கிழமை வம்பு பண்ணி, செட்டு கட்டிய பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுடுதண்ணியில போட்டீங்களா பெரியவரே, வளைஞ்சி போயிருக்குதே என்று கேட்டார்கள். நான் ஒண்ணும் பண்ணலம்மா என்றார் இவர். பின்ன தானா வளையுமா, பச்சத்தண்ணியில போட்டு வைக்கச் சொல்லிக் குடுத்தேனா இல்லையா, புண்ணு வந்த அன்னிக்கே வரக் கூடாதா என்று நாலு பேர் எதிரில் சின்னப் பையனைத் திட்டுகிற மாதிரி திட்டினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்து ஸ்டூலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா, அந்தம்மா சொல்றது சரிதான் ஆசியா, சூடா டீ குடிக்கிறேன் இல்ல, அதுலதான் வளைஞ்சிருக்கும், தப்பு என்னுதுதான் என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பண்ணியதற்கு அவர் தன்னிடமே குற்றம் தேடிக்கொண்டு நடந்து வந்தார் மகனே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குக் கண்ணே தெரியவில்லை.

செட்டைக் கழற்றி வைத்து மருந்து தடவினால் புண் ஆறிவிடுமாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், ஈறைத் தினமும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும், ஆறிய பிறகு அளவெடுத்து வேறு செட்டு கட்டலாம் என்கிறார்கள். ஆனால் இவர், நமக்கு ராசியில்ல, இனிமே பல்லு வேணாம் என்கிறார். தன்னால்தான் கெட்டது என்று நினைக்கிறவரைக்கும் அவர் வரமாட்டார், கடையும் போய்விடும். அதனால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் கடிதத்துக்கு எப்போதும் அத்தாதான் கீழே இரண்டு வரி எழுதி, இங்கிலீஷில் உன் விலாசமும் எழுதி ஒட்டுவார். இந்தத் தடவை முதலில் ஒட்டிவிட்டு விலாசம் மட்டும் எழுதச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், ஒட்டாமலே கையில் கொடுக்கப் போகிறேன். டாக்டரம்மாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றாயே, அதை அப்படியே விடாதே, அங்கே டாக்டரிடம் காட்டு. சோடா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிற பழக்கத்தை விடு. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கொடுப்பானாக. அம்மாவை மன்னித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆசியா பீவி

மகனுக்கு அத்தா எழுதுவது. படித்தேன். பூமாலையிடம் காலையில் கடை சாவியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா எழுதாத ஒன்று இருக்கிறது, இரண்டு மாதமாக இடது பக்கமே மெல்லுகிறாள், வெற்றிலையையும் இடித்துத்தான் போடுகிறாள், கேட்டால் பழக்கம் என்கிறாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இரண்டு பேர் வாயையும் டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறோம். சுடுதண்ணீர் விஷயத்தை அவள் அங்கே சொல்வதற்கு முன்னால், டீயில் வளைந்தது என்று நானே சொல்லிவிடப் போகிறேன், நாலு பேர் எதிரில் அவள் திட்டு வாங்க வேண்டாம். அவள் அடுப்படியில் இருக்கிறாள், இதைப் பார்ப்பதற்குள் ஒட்டிவிடுகிறேன்.
பக்கீர் முகமது