கனடாக் குழந்தை தேடிய குரல்

பெங்களூர்
ஆகஸ்ட் 2003

அன்புள்ள சிந்துஜாவுக்கு,

நீயும் பாப்பாவும் அப்பா அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ பேசிக் கொடுத்த அ, ஆ பாடத்தை இன்டர்நெட்டில் விற்றுத்தானே நம் பிழைப்பு ஓடுகிறது? போன மாதம் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் உன் குரல் மொத்தமும் அழிந்துவிட்டது. பயப்படாதே. இங்கே ஒரு பெண்ணைப் பேச வைத்துப் பாடத்தைத் திரும்பவும் ஏற்றிவிட்டேன்.

நேற்று கனடாவிலிருந்து ஒரு வேலூர்க்கார அம்மா மெயில் அனுப்பியிருந்தார். புதுக் குரலைக் கேட்டதும் அவர் மகள், "அந்த ஆன்ட்டி எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டு அழுதாளாம். உன் குரலைக் கேட்டுத்தான் அவள் தமிழே பேசப் பழகினாளாம்.

படித்ததும் மனசு கனத்துவிட்டது. நம் பாப்பா பேசப் பழகியதை நான் உன் கடிதங்களில்தான் தெரிந்துகொண்டேன். அவள் முதலில் "அப்பா" என்று சொன்ன அன்று நான் பக்கத்தில் இல்லை.

கிரிவலத்துக்கு வரும் நண்பர் நடராஜிடம் இரண்டு காலி கேசட் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றில் பாடத்தைப் பேசு. இன்னொன்றில் பாப்பாவைப் பேசவிடு, என்ன பேசினாலும் நிறுத்தாதே. அது விற்பதற்கில்லை, எனக்கு. கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையும் கொடுத்துவிடு.

நடராஜ் செருப்பு மாட்டிவிட்டார். முடிக்கிறேன்.

உன்
ஆதவன்