பூஞ்சணத்தை எனக்கு விளக்கிய மகளுக்கு

லிந்துலை,
17.6.1962

அன்பு மகள் புனிதவதிக்கு அம்மா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதலில் நீ பட்டம் வாங்கிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். துடைக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். துடைக்கவில்லை. அலமாரியின் மேல் முகம் தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிப்பதற்குள் மனம் கேட்கவில்லை. மறுபடி மாட்டிவிட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போக உனக்கு விளங்கும்.

நாங்கள் இருவரும் சுகம். மழை விட்டபாடில்லை. ஈரக் கொழுந்து வாடுவதற்கு நேரமாகிறது என்று அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலேயே கிடக்கிறார். உன் கம்பளிச் சட்டையைப் பூச்சி அரித்திருந்தது, தைத்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. எம்.எஸ்சி. முடிந்துவிட்டது, இனி தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலையா, இங்கிலாந்தில் உதவிப்பணத்தோடு மேல்படிப்பா என்று மாத முடிவுக்குள் பேராசிரியருக்குச் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். "நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் அம்மா" என்றும் எழுதியிருந்தாய்.

அதற்கு முந்திய பக்கத்தில், தேயிலையில் வரும் கொப்புள நோயை நீ ஆராய்ந்ததைப் பற்றிச் சொல்லும்போது, "பூஞ்சணம் என்பது பச்சையம் இல்லாத ஒன்று அம்மா, பழைய ரொட்டியில் பூக்குமே, அதுபோல" என்று எனக்கு விளக்கியிருந்தாய். புனிதா, சென்னையில் அந்தக் காலத்து பி.ஏ.வுக்கு நான் படித்ததும் தாவரவியல்தான். உனக்கு மறந்துவிட்டது. அது உன் குற்றமில்லை, இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் தேவை வந்ததில்லை. ஆனால் அந்த வரியைப் படித்த கையோடு ரோஜாச் செடியில் காய்ந்த கிளைகளைக் கழிக்கப் போனவள், பாதிச் செடியை வெட்டிப்போட்டுவிட்டேன்.

நீ சீமைக்குப் போகலாம் என்ற சேதி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவால் ரகசியம் காக்க முடியுமா? விறகு கொண்டுவந்த வேலாயி, பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். தேயிலைக்கு வரும் நோயைப் பற்றி என்றேன். "நல்லாருக்கும்மா. தேயிலைக்குச் சீக்குன்னா சீமையில போயிப் படிக்கிறாங்க. எங்களுக்குச் சீக்குன்னா தோட்டத்து ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் குடுக்குற அந்தச் செவப்புத் தண்ணி மருந்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னைப் புகழாத ஒருத்தி கிடைத்தாளே என்ற சிரிப்பு அது.

சித்திரை வருடப்பிறப்புக்கு நீ வந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் நான் பூ வைத்ததில்லை. சோப்பும் வாசனையில்லாததுதான். அப்படியிருந்தும் அப்பாவின் சாப்பாட்டுக் கூடையைத் தொழிற்சாலை வாசலில் காவல்காரன் செல்லசாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று நீ கண்டியில் வாங்கிய மல்லிகையைத் தலை நிறைய வைத்துக்கொண்டு என்னோடு வந்தாய். "வாம்மா, கொழுந்து வாடப்போடுற மாடியப் பாத்துட்டு வருவோம்" என்று அப்பா உன்னை உள்ளே கூட்டிப்போனார். செல்லசாமி, "ஐயா, பூவு..." என்று இழுத்தான். "போடா, அவளுக்குத் தெரியாததா" என்று அப்பா சிரித்தார். உள்ளே இயந்திரங்களுக்கு மேலாக நீ கேட்ட கேள்விகளும் அவர் உற்சாகமாகச் சொன்ன பதில்களும் எனக்குக் கேட்டன. நான் கூடையோடு வெளியே நின்றேன். என்னையும் கூப்பிடவேண்டும் என்று உங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மகள்மேல் தாய்க்குப் பொறாமை வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்று சொல்வேன்.

வியாழக்கிழமை அப்பா, "அவள வரச்சொல்லி எழுது. தலவாக்கலன்னா பஸ்ல கொஞ்ச நேரம். நீயும் தனியாக் கெடக்கே, புள்ள பக்கத்துல இருந்தா ஒனக்கும் தொண" என்றார். சந்தோஷமாக உட்கார்ந்து எழுதினேன். அம்மா தனியாக இருக்கிறேன், வந்துவிடு என்று இரண்டு பக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். துணை வேண்டும் என்ற ஏக்கம் அதில் ஒரு துளியும் இல்லை. என்னைத் தாண்டி நீ எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து, பஸ் போகும் தூரத்தில் உன்னை நிறுத்தியிருந்தேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகவே இதுதான் என் பதில். ஆராய்ச்சி நிலையத்து வேலை உனக்கே பிடித்திருந்தால் வா. எனக்காக என்றால் வராதே. நமக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருப்பதால் பாஸ்போர்ட்டுக்குத் தடை இருக்காது. இந்த மலையில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நாள் சாப்பிடமாட்டார், அப்புறம் இங்கிலாந்துக் குளிரைப் பற்றி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருப்பார்.

இன்னும் ஒரு விஷயம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையாம். நாளைக் காலை அப்பா புறப்பட்டதும் என் சான்றிதழை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன். டீ மேக்கர் வீட்டு அம்மா வேலைக்குப் போகிறாளா என்று மற்ற உத்தியோகத்தர் வீடுகளில் பேசுவார்கள். அப்பாவிடம் சொன்னால், "தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு" என்பார். அவர் கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இதை அவருக்கோ வேறு யாருக்கோ நான் இன்னும் சொல்லவில்லை. நீயும் எழுதிவிடாதே. அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டால் பகலில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு உன் முடிவை எடு.

எங்கே போனாலும் நீ நன்றாக வர வேண்டும். இந்தக் கடிதத்தை நான் அடுப்பில் போடப்போவதில்லை.

உன் அம்மா
நாகலெட்சுமி