மெசேஜ் போச்சு, போன் போகலை

தை 9, வியாழன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன எங்க பனியன் கம்பெனி டெய்லர்களை வருசாவருசம் நான்தான் ஒவ்வொருத்தரா போன் போட்டுத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவேன். இந்தத் தடவை அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேரையும் வாட்ஸப்பையும் இணைச்சுட்டேன். கோடிங்கே வேண்டியதில்லை, ஸ்க்ரீன்ல கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தாப் போதும். எல்லாருக்கும் மெசேஜ் தானாவே போயிருச்சு. முதலாளிகூடப் பாராட்டுனாரு.

இன்னைக்குப் பாதி மெஷின் காலி. மனசு கேக்காம மதுரைப் பக்கத்துப் பாண்டியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மெசேஜ் வந்துச்சுண்ணே. ஆனா நீங்க கூப்பிடலையே. நாங்க வேணாம்போலன்னு நெனச்சு வேற கம்பெனியில சேந்துட்டோம்."

'அன்புடன் அழைக்கிறோம்'னு அதுல நான்தான் எழுதியிருந்தேன்.

வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையே கேட்டுச்சு: "உங்க அம்மாவுக்கு முட்டுவலி தேவலையாண்ணே?"

தேவலைன்னேன். அந்தப் புள்ள வீட்டைப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலை.