புதன்கிழமை சீட்டு

புதுடெல்லி
20.9.2024

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

நீயும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் பறந்ததில் என் பேரில் விமானக் கம்பெனி பாயிண்ட் சேர்ந்து கிடக்கிறது, பணத்துக்குப் பதில் அதைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம். பாதி இந்த வருஷத்தோடு காலாவதி. அதில் உனக்கு டெல்லிக்கு டிக்கெட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மதுரையில் ஏறினால் சென்னையில் மாற வேண்டும், பாயிண்டும் அதிகம். பழனி வழியாகக் கோயம்புத்தூர் போய்விட்டால் நேராக டெல்லி. புதன்கிழமை என்றால் பாதிப் பாயிண்ட்தான். அக்டோபர் 9, காலை. வரி மட்டும்தான் கையிலிருந்து கட்டினேன், செலவு என்று சண்டைக்கு வராதே. ஜெனிக்கு நாலு வயசு. அத்தை உன்னை இன்னும் பார்க்கவில்லை. வா அக்கா.

உன் தம்பி,
சைமன்

நாயுடுபுரம்
6.10.2024
மரியே வாழ்க!

சைமனுக்கு,

டிக்கெட் வந்தது. நான் வரவில்லை. அம்மா அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "டிக்கெட் கையில இருந்துச்சுக்கா, பத்து நிமிஷம் பிந்திட்டேன்னு ஏத்த மாட்டேன்னுட்டாங்க" என்றாய். விமானம் கண் முன்னால் நிற்கும்போது ஏற்றாமல் விடுவானா? ஆறு வருஷமாகியும் அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் டிக்கெட்டை வீணாக்க மாட்டேன். பக்கத்து வீட்டு முருகேஸ்வரியின் மகன் மதன் டெல்லியில் ஓட்டல் வேலை பார்க்கிறான். மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், வியாழக்கிழமை ஆபரேஷன். என் இடத்தில் அவள் வருவாள். பழனி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த இடத்தை நாம் வேண்டியவர்களுக்குக் கொடுப்பதில்லையா? இந்தக் கடிதம் சேருமுன் அவள் அங்கே வந்துவிடுவாள். நானே கோயம்புத்தூர் வரை போய் ஏற்றிவிடுகிறேன்.

அமலி

நாயுடுபுரம்
12.10.2024
மரியே வாழ்க!

என் தம்பி சைமனுக்கு,

அன்று விமான நிலைய வாசலில் காவலர்கள் முருகேஸ்வரியின் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "டிக்கெட் அமலி பேர்ல இருக்கு, இவங்க போக முடியாதும்மா" என்றார்கள். "அமலி நான்தாங்க! நானே குடுக்கேன், இவளை விடுங்க" என்று கும்பிட்டேன். கேட்கவில்லை. கையில் டிக்கெட்டோடு முருகேஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். நீயும் அன்றைக்கு இப்படித்தானே நின்றிருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷம் கழித்து உனக்குப் போன் பண்ணினேன். "அழாதக்கா, அவங்க பேரு, வயசு சொல்லு" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை. சாயங்கால விமானத்தில் அவள் ஏறிவிட்டாள்.

நேற்று அவள் பேசினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மதன் கஞ்சி குடித்தானாம். "ஒங்க தம்பி ஆஸ்பத்திரியே கதின்னு கெடக்காருக்கா" என்று அழுதாள். ஜெனியோடு கோவா போக வைத்திருந்த பாயிண்டை, கடைசி நேரம் என்பதால் மூன்று மடங்கு கொடுத்து, அவளுக்குச் செலவழித்தாயாம். உன் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிந்ததாம். நீ வாயைத் திறக்கவில்லையே! நீ நல்லா இருக்கணும்டா.

நீ பொய் சொல்லவில்லை. நான்தான் நம்பவில்லை. என்னை மன்னித்துவிடு.

பாயிண்ட் தீர்ந்தால் என்ன, மூன்று பேரும் ரயிலில் வாருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நீ வராமல் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன். பிந்தி வந்தாலும் வா.

உன் அக்கா,
அமலி