குட்டித் துப்பாக்கி வூட்டுக்கு வந்த வாரம்

சனி, செப். 27

காலைலேர்ந்து தூறல். யூனிஃபார்ம் காயல, ஃபேனுக்கு அடில தொங்குது. ஏ ஷிஃப்ட். பென்னலூர் ஸ்டாப்புக்கு கம்பெனி பஸ் லேட்டு. புரட்டாசி சனி, பஸ்ஸுல பாதிப் பேர் நெத்தில நாமம். எங்க சூப்பர்வைசரும். நாமம் போட்டுகினு திட்டினா திட்டு கூட கொஞ்சம் பதமாத்தான் வருது.

டீ பிரேக்ல ஒரு போன். மு.வோட ரைஃபிள் கிளப் செகரட்டரி. (மு. = என் வூட்டுக்காரர் முரளி. முழுசா எழுத சோம்பேறித்தனம். செகரட்டரி = செ.சார்.)

"அம்மா, ஒரு பொருள் வந்திருக்கு. ஏர் ரைஃபிள்தான், ஆனா புல்பப் மாடல். கார்பைன் சைஸு, குட்டையா இருக்கும். மெஷின் பூரா ட்ரிகருக்குப் பின்னாடி, கன்னத்துக்கிட்ட இருக்கும். வெயிட்டெல்லாம் தோள்லயே நிக்கும். இடது கையை நீட்டவே வேணாம். முரளிக்கு சரியா வரும்னு தோணுது."

வெச்சிருந்த மெம்பர் ஓசூருக்கு மாத்தலாயிப் போறாராம். அடுத்த ஞாயிறு வரைக்கும் வூட்டுல வெச்சுப் பாருங்க, வேணாம்னா திருப்பிக் குடுங்க, இன்னொருத்தர் கேட்டுகினு இருக்கார்னாரு.

"மு. கிட்டயே சொல்லலாமே சார்"ன்னேன்.

"என் போனை எடுக்கறதில்லையேம்மா."

அதுவும் சரி. யார் போனையும் எடுக்கறதில்ல.

ஞாயிறு, செப். 28

வெயில். துணி எல்லாம் காஞ்சிது, அப்பாடா.

போய் வாங்கினு வந்துட்டேன். மு. கிட்ட சொல்லல. பெட்டியை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சு, மேல என் துப்பட்டாவைப் போத்தி. ஸ்ரீபெரும்புதூர் சிக்னல்ல ஒரு போலீஸ்காரர் பார்த்தாரு. லைசென்ஸ் வேணாத காத்துத் துப்பாக்கிதான், பில்லும் பையில இருக்குது, ஆனாலும் துப்பட்டாவை இன்னும் இழுத்து மூடினேன். அவரு கேட்டது: "ஹெல்மெட் பக்கிள் போடும்மா."

வூட்டுல பெட்டியைத் தொறந்து காட்டினேன். மு. குனிஞ்சு பார்த்தாரு.

"இன்னாது இது?"

"துப்பாக்கி."

"மீதி எங்க?"

சிரிச்சுட்டேன். நெஜமாவே பாதில வெட்டின மாதிரிதான் கீது. மூக்கு இல்ல. பின்பக்கம் மட்டும் குண்டா. எனக்கு உடனே புடிச்சுப் போச்சு, குட்டின்னு பேரும் வெச்சுட்டேன். மு. சிரிக்கல.

"இத்த வெச்சுகினு மேட்ச்ல நிக்க முடியாது. ரூல்ல இல்ல. ஜாலிக்கு சுடறவங்க வாங்கறது."

"ஜாலிக்கு சுடேன்யா, யாரு வேணாம்னா?"

"கை சரியாயிடும் இல்ல. அப்புறம் இது எதுக்கு?"

பெட்டியை மூடி மூலைல வெச்சுட்டேன்.

போன வருஷ மழைல, ஒரகடம் ரோட்டுல, திரும்பின லாரிக்கு ஒதுங்கி பைக்கோட விழுந்தாரு. இடது முழங்கைல பிளேட்டு. லைன்ல ஃபிட்டரா இருந்த மனுசனை ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சுட்டாங்க. அதைக் கூட தாங்கிக்கினாரு. ஞாயித்துக்கிழமை கிளப்தான் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து அந்த நீளத் துப்பாக்கிதான் அவருக்கு எல்லாம், நானே ரெண்டாவதுதான். அதைத் தூக்கிப் புடிக்க இடது கை முன்னாடி நீளணும். நீள மாட்டேங்குது. பெட்ஷீட்ல சுத்தி பீரோ மேல வெச்சிருக்காரு. அன்னிலேர்ந்து பேச்சு கொறைஞ்சு போச்சு.

எல்லாரும் சொல்றது "சரியாயிடும்." நானும் சொல்றேன். ஆடி மாசம் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு சொன்னது வேற: "இதுக்கு மேல நீளாதும்மா. இதோட பழகிக்கணும்."

இந்தக் குட்டியை வாங்கலாம்னு நான் சொன்னா, அதையும் சொன்ன மாதிரி. எப்படி சொல்லுவேன்?

திங்கள், செப். 29

கேஸ் புக் பண்ணணும். குக்கர் கேஸ்கெட். அவரோட மாத்திரை.

பஸ்ஸுல பேச்சி கிட்ட கதை பூரா சொன்னேன். திருநெல்வேலிப் புள்ள, என் லைன்தான், இருங்காட்டுக்கோட்டைல ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. "எக்கா, அண்ணாச்சிக்கு ஒரு வெளையாட்டு வேணும்லா? வாங்கிக் குடுங்க. மேட்ச்சாவது கீச்சாவது"ன்னா. சின்னப் பொண்ணு, நல்லாத்தான் சொல்றா.

மத்தியானம் லைன் நின்னப்போ மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

வாங்கலாம்: கையை மடக்கியே வெச்சு சுடலாம். ஓ.டி. காசு இருக்குது. ஞாயித்துக்கிழமை ஆளு வூட்டை வுட்டு வெளிய போவாரு. எனக்கும் டி.வி. ரிமோட் கிடைக்கும்.

வேணாம்: மூஞ்சி தொங்கிடும். "என்னை முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சுட்டியா"ன்னு கேப்பாரு. கேக்காம இருந்தா இன்னும் மோசம்.

கீழ ஹவுஸ் ஓனர் அக்கா மாடிப்படில மடக்கிட்டாங்க. "இன்னாமே, வூட்டுல துப்பாக்கி வந்துகீதாமே? காக்கா கீக்கா சுடப் போறாரா? புரட்டாசி மாசம்மா!" இல்லக்கா, பேப்பரைத்தான் சுடுவாரு, பேப்பர் சைவம்தான்னேன்.

செவ்வாய், செப். 30

நாளைக்கு லீவுன்றதால கம்பெனில இன்னிக்கே ஆயுத பூஜை. எங்க லைன் ரோபோவுக்கு வாழைக்கன்று, கழுத்துல மாலை. ஜப்பான்காரர் ஒருத்தர் வெல்டிங் கன்னுக்கு பொட்டு வெச்சு, கையெடுத்துக் கும்பிட்டாரு. பேச்சி வீடியோ எடுத்தா. ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், பொரி, எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்கு மூடி சேரல.

வரும்போது வாங்கினது: பொரி, கடலை, வெல்லம், எலுமிச்சம்பழம், சந்தன வில்லை, சாமந்தி. பூசணிக்காய் பஸ்ஸுல மடிலயே.

மு. ஸ்டோர்ஸ்லயும் பூஜையாம். "கம்ப்யூட்டருக்கு பொட்டு வெச்சேன்"ன்னாரு. அவ்ளோதான் பேச்சு. ஸ்பேனருக்கும் டார்க் ரெஞ்சுக்கும் பொட்டு வெச்ச கை அது.

புதன், அக். 1

ஆயுத பூஜை. தொடைச்சு தொடைச்சு இடுப்பு போச்சு.

வரிசையா வெச்சது: ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், கத்தரிக்கோல், அருவாமணை, மு.வோட டூல் பாக்ஸ். பீரோ மேல இருக்கிறதை எடுக்கட்டுமான்னு கேட்டேன். "வேணாம், அங்கியே ஒரு பொட்டு வெச்சுடு"ன்னாரு. ஸ்டூல் போட்டு ஏறி பெட்ஷீட் மேலயே வெச்சேன்.

குட்டியைப் பத்தி கேக்கவே இல்ல. ஆயுதம்னா ஆயுதம்தானே. கைக்கு எட்டற ஒரே நெஜ ஆயுதத்தை மூலைல வுட்டுட்டு மிக்ஸிக்கு மட்டும் பொட்டா? கொழச்ச சந்தனத்தைத் தாராளமா வெச்சேன். குறி பார்க்கற ஸ்கோப் கண்ணாடி மேல நடுவுல ஒண்ணு, கன்னம் படற எடத்துல ஒண்ணு, குங்குமம். கறுப்பு மேல எடுப்பா இருந்துச்சு. பேரல் வாய்ல ஒரு சாமந்தி சொருகினேன். அழகுன்னா அழகு.

மு. பார்த்தாரு. சாமி கும்பிடும்போது சொன்னாரு, "அது நம்பளது இல்ல வசந்தி."

"வூட்டுல இருக்கிற வரைக்கும் நம்பளதுதான்."

பூஜைல வெச்சதை நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. காய் நறுக்க முடியாது. அதனால பொரி, வாழைப்பழம், சாயங்காலம் ஹோட்டல் பரோட்டா.

வியாழன், அக். 2

விஜயதசமி. காலைல பூஜையை எடுத்தேன். எடுத்ததும் வினை.

சாமந்தியை இழுத்தா பூ மட்டும் கைல வருது. காம்பு பேரலுக்குள்ள ஒடைஞ்சு நிக்குது. சந்தனம் குண்டு போடற சந்துக்குள்ள எறங்கி சிமெண்ட் மாதிரி காஞ்சு போயிருக்குது. ஸ்கோப்ல பார்த்தா எதிர் வூட்டு தண்ணி டேங்க் மேல பெரிய குங்குமப் பொட்டு.

அய்யோ. அடுத்தவங்க பொருள். ஊதினேன், தட்டினேன், ஊக்கு வுட்டுப் பார்த்தேன், காம்பு இன்னும் உள்ள போச்சு. பாத்ரூம்ல போய் அழுதேன். சாமி கோவிச்சுகினா பரவால்ல, செ.சார் மூஞ்சில எப்படி முழிக்கிறது?

மு. கதவைத் தட்டினாரு. "வெளிய வா. ஊக்கை எங்க வெச்ச? முதல்ல அந்த ஊக்கைத் தூரப் போடு."

கீழ பாய் விரிச்சு உக்காந்தாரு. டூல் பாக்ஸ் தொறந்தாரு. (அது தொறந்து எத்தினி மாசம்!) பூட்டியிருந்த காத்தை மொதல்ல வெளிய வுட்டாரு, புஸ்ஸுன்னு. ஸ்க்ரூ ஒண்ணொண்ணா கழட்டி எவர்சில்வர் டப்பால போட்டாரு, மூடி இல்லாதது நல்லதாப் போச்சு. பேரலைத் தனியா உருவி, பின்பக்கத்துலேர்ந்து கம்பி வுட்டு, மெதுவா. சாமந்திக் காம்பு டொக்குன்னு விழுந்துச்சு.

"சாமி பிரசாதம். வெச்சுக்கோ"ன்னு என் கைல குடுத்தாரு. கிண்டல்! எனக்கு மறுபடியும் அழுகை வந்துச்சு, இது வேற அழுகை.

பல் தேய்க்கிற பிரஷ்ல சந்தனத்தை எடுத்தாரு. வாய் ஓயல. "யார்ரா இத்த டிசைன் பண்ணான்? ட்ரிகர் இங்க கீது, வேலை அங்க நடக்குது. நடுவுல ஒரு நீளக் கம்பி. அதான் ட்ரிகர் கொழகொழன்னு கீது. இந்த ஸ்பிரிங்கை மாத்தினா சரியாயிடும்." என் கிட்ட சொல்றாரா, துப்பாக்கி கிட்ட சொல்றாரான்னு தெரியல. எனக்கு இன்னா, பேசினா போதும்.

நான் பார்த்தது இன்னொண்ணு. பேரலை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருந்தது இடது கை. மடங்கின கைதான். கெட்டியா புடிச்சிருந்துச்சு. அவரு கவனிக்கல. நான் சொல்லல, சொன்னா கையை எடுத்துடுவாரு.

மத்தியானம் வரைக்கும் ஆச்சு. திரும்ப மாட்டி, தோள்ல வெச்சு, சுவத்தைக் குறி பார்த்தாரு. இறக்கவே இல்ல.

ஹவுஸ் ஓனர் அக்கா எட்டிப் பார்த்து, "நல்லா கீதும்மா உங்க வூட்டுக் கூத்து, காந்தி ஜெயந்தி அதுவுமா!"ன்னாங்க.

வெள்ளி, அக். 3

ரெண்டு பேருக்கும் பி ஷிஃப்ட். காலைல ஒரு புது வேலை எனக்கு.

குட்டிக்குக் காத்து அடிக்கணும். கூடவே குடுத்து வுட்ட பம்பு, சைக்கிள் பம்பு மாதிரி நிக்க வெச்சு அடிக்கிறது, ஆனா கல்லு மாதிரி. ரெண்டு கையும் வேணும், உடம்பு வெயிட்டும் வேணும். மு.வால முடியாது. முயற்சி பண்ணாரு, பம்பு ஒரு பக்கமா சாஞ்சுது. மூஞ்சி மாறுச்சு. இதோ முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன்.

"தள்ளுயா"ன்னு புடவையைத் தூக்கி சொருகிகினு நான் ஏறி நின்னேன். கொஞ்சம் அடிச்சேன், மூச்சு வாங்கிச்சு. இன்னும் அடிச்சேன், கண்ணு இருட்டிச்சு. "முழங்காலை மடக்கி உக்காந்து எந்திரி. கையால அடிக்காத, உடம்பால அடி"ன்னு பக்கத்துல நின்னு சூப்பர்வைசர் வேலை. கடைசில பம்பு மேலயே படுத்துட்டேன்.

சிரிச்சாரு. வாய் வுட்டு, தோள் குலுங்கி. ஒரு வருஷமா கேக்காத சிரிப்பு.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதானா எனக்கு?"ன்னேன்.

"வாங்கினாத்தானே."

அப்போ மனசுல இருக்குது.

சனி, அக். 4

இன்னிக்கு லீவு. காலைல வூட்டு வேலை எதுவும் ஓடல. சாயங்காலம் கிளப்புக்குப் போனோம். நான் கூப்பிடல. அவரே சட்டையை மாத்திகினு, "வண்டியை எடு"ன்னாரு.

செ.சார் ஒண்ணும் கேக்கல. "வாப்பா முரளி, மூணாவது லேன் காலியா இருக்கு"ன்னு ஏதோ போன வாரம் வந்துட்டுப் போனவர் கிட்ட சொல்ற மாதிரி சொன்னாரு. அந்த மனுசனுக்கு நான் கோயில் கட்டணும்.

பக்கத்து லேன்ல ஒரு ஆளு குட்டியைப் பார்த்துட்டு, "இன்னா சார், வாட்டர் கன்னா?"ன்னான். எனக்குப் பத்திகினு வந்துச்சு. மு. "ஆமாம்பா, ஹோலிக்கு வாங்கினது"ன்னாரு. சுட ஆரம்பிச்சாரு.

மொதல்ல எல்லாம் எங்கெங்கியோ. அப்புறம் ஒரு பக்கமா. அப்புறம் ஒரே எடம். நடுவுல இல்ல, கீழ இடது ஓரத்துல, ஆனா ஒண்ணு மேல ஒண்ணா, ஒட்டினாப்புல. வாட்டர் கன் ஆளு எட்டிப் பார்த்துட்டு, தன்னோட பேப்பரை மடிச்சு வெச்சுகினான்.

மேட்ச் நோட்டீஸ் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. மு. அது முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாரு. நான் குடிதண்ணி தேடற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டேன்.

வரும்போது வண்டில பின்னாடி உக்காந்து குட்டியை மடில வெச்சிருந்தாரு.

ஞாயிறு, அக். 5

மேகமா இருக்குது, மழை இல்ல. தோசை. தக்காளிச் சட்னில உப்பு ஜாஸ்தி.

இன்னிக்கு குட்டியைக் குடுத்துடணும், இல்ல வாங்கறோம்னு சொல்லணும். பெட்டி கதவுக்கிட்ட ரெடியா இருந்துச்சு. மு. தட்டுல தோசையைக் கிள்ளிகினு இருந்தாரு. நான் அடுப்பைப் பார்த்து நிக்கறேன்.

"வசந்தி."

"ம்."

"இந்தக் கை இனிமே நீளாது. இல்ல?"

கரண்டியைக் கீழ வெச்சேன். சரியாயிடும்ன்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன்.

"நீளாதுயா."

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ஆடிலேர்ந்து. டாக்டர் சொன்னாரு."

தட்டைத் தள்ளி வெச்சாரு. "எனக்கும் ஆடிலேர்ந்துதான். பிசியோ பையன் கிட்ட கேட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னு சொல்லல."

உனக்காகன்னு நான் மறைச்சேன், எனக்காகன்னு நீ. ஒரே வூட்டுல, ஒரே பாய்ல. பைத்தியக்காரங்க ரெண்டு பேரும். தோசை கருகினது வாசனை வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

போனைக் கேட்டாரு. அவரே நம்பர் போட்டாரு.

"சார், முரளி. குட்டி இங்கியே இருக்கட்டும் சார். அப்புறம், என்னோட நீள ரைஃபிள் ஒண்ணு கீது இல்ல, பீரோ மேல. நல்ல ஆளா பார்த்துக் குடுங்க. மேட்ச் ஆடற ஆளா."

போனை வெச்சுட்டு உக்காந்தே இருந்தாரு. கண்ணுல தண்ணி. பக்கத்துல போய் அந்தக் கையைப் புடிச்சுகினேன்.