உழுது மூடிய கோஸ்

ஏப்ரல் 14

இன்றும் லாரி வரவில்லை. ஊரடங்கு முடிந்து சந்தை திறக்க இன்னும் இருபது நாளாவது ஆகுமாம். முட்டைக்கோஸ் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம், மாட்டுக்கும் போட்டோம். இப்போது மாடே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஏப்ரல் 23

நாற்றம் சமையலறை வரை வருகிறது. புழு வேறு. இப்படியே விட்டால் பக்கத்து வயலுக்கும் பரவும். இவரோ வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ரெண்டு நாள் பாப்போமே" என்கிறார். எதைப் பார்ப்பது? "அழுகினத கண்காட்சியா வைக்கப் போறீங்களா? உழுது மூடுங்க" என்று கத்திவிட்டேன். சாயங்காலமே டிராக்டர் வைத்து உழுதுவிட்டார். வயல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

ஏப்ரல் 29

விற்க முடியாமல் போன பயிருக்கு அரசாங்கம் கொரோனா நிவாரணம் அறிவித்திருக்கிறது. அது வந்தால் குத்தகையைப் புதுப்பித்துவிடலாம். வராவிட்டால், பதினோரு வருஷமாக நாங்கள் பாடுபட்ட வயல் கைவிட்டுப் போகும்.

வீணான பயிரை அதிகாரி வந்து நேரில் பார்க்க வேண்டுமாம்.

நேரில்.

மே 6

அதிகாரி வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"எங்கம்மா பயிரு?"

"உழுதுட்டோம் சார். தோண்டிப் பாருங்க, தண்டு கிடக்கும்."

இவர் மண்வெட்டியால் வெட்டிக் காட்டினார். கறுப்பாக ஏதோ கூழ் வந்தது.

"நான் நம்புறேம்மா. ஆனா போட்டோவுல வெறும் மண்ணுதானே வரும்?" என்றவர் படிவத்தில் 'பயிர் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து வயல் அண்ணன் எதையும் தொடாமல் அப்படியே போட்டு வைத்திருந்தார். சோம்பேறி என்று நான் வாய் கூசாமல் சொன்ன மனிதர். அவர் வயலை அதிகாரி நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார்.

மே 7

நான்தானே சொன்னேன். நான்தானே! இந்த வாய் ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது?

இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டினாலாவது தேவலை.

ஜூன் 2

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்தோம். ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டார்கள். வயல் சுத்தமாக இருந்தது எங்கள் குற்றம் என்று மனுவில் எப்படி எழுதுவது?

ஜூன் 30

மனு என்ன ஆனதென்றே தெரியவில்லை. குத்தகை முடிந்தது. நிலத்துக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஒரு மாதம் எங்களுக்காகப் பொறுத்துப் பார்த்தார். வயலைப் பக்கத்து வயல் அண்ணன் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 12

மாட்டையும் விற்றாயிற்று.

செப்டம்பர் 19

இவர் பக்கத்து வயல் அண்ணனிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார், எங்கள் வயலுக்கே. எங்கள் வயலாம்! பழக்கதோஷம்.

அங்கே பீன்ஸ் போட்டிருக்கிறார்கள். கொடி தாங்க முடியாத காய்ப்பு. அண்ணன் அசந்துபோய்க் கேட்டாராம்: "என் பழைய வயல்ல இதுல பாதி கூட இல்லையேப்பா. இந்த மண்ணுக்கு அப்படி என்னதான் போட்ட?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"கோஸுன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஐந்து மாதத்தில் இன்றுதான் சிரிக்கிறார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

நாளைக்குக் காய் பறிப்பு. ஆள் பற்றவில்லை என்று அண்ணன் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.